ஒரு தீசிஸ், ஒரு கையெழுத்து

போன மாதம் என் தங்கை பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். எம்.டி. பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். முப்பது மணி நேரம் டியூட்டி பார்த்துவிட்டு நேராக வந்ததால் கண் இரண்டும் சிவந்திருந்தன. சாப்பிட்டு முடித்து மோர் குடிக்கும்போது, பேச்சுக்குப் பேச்சாகக் கேட்டேன்.

"தீசிஸ் எந்த அளவில இருக்குடா?"

"அதை வெளியே குடுத்துடலாம்னு பாக்கிறேன் தாத்தா."

"வெளியேன்னா?"

"எழுதிக் குடுக்க ஆளுங்க இருக்காங்க. தலைப்பைச் சொன்னாப் போதும். டேட்டா, டேபிள், பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரு நல்ல செல்போன் விலைதான் ஆகும்."

பைண்டிங் வரைக்கும் பார்த்துக்கொள்கிறவர்கள் நோயாளிகளையும் அவர்களே கொண்டுவருவார்களா என்று கேட்டேன். சிரித்தான். கெட்ட பையன் இல்லை. இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலோடு வந்த கிழவிக்குப் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்ததை அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் கணக்கில் தீசிஸ் என்பது பரீட்சை ஹாலுக்குள் விடுவதற்குக் கேட்கிற ஒரு தடிமனான கேட் பாஸ். அவ்வளவுதான்.

அவனிடம் அன்று நான் அதிகம் பேசவில்லை. பேச எனக்குத் தகுதி இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப்பேர் என்னைப் போல ஓய்வூதியக்காரர்கள். கொஞ்சம் நீட்டிச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வீர்கள்.

நான் முப்பத்து நான்கு வருஷம் அரசு மருத்துவமனை லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். அதில் பெரும்பகுதி மைக்ரோபயாலஜி. 1986-ல் எங்கள் லேபில் எல்லோரும் ஒரு செய்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பது முதன்முதலில் மெட்ராஸில் கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய ஆராய்ச்சி நிறுவனமோ, கோடி ரூபாய்த் திட்டமோ அதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது எம்.டி. மாணவி ஒருவரின் தீசிஸ்.

செல்லப்பன் நிர்மலா என்பது அவர் பெயர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேற்படிப்பு. முப்பத்திரண்டு வயது, இரண்டு சின்னக் குழந்தைகள். தீசிஸுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தபோது, பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் ஒரு யோசனை சொன்னார்: எச்.ஐ.வி. இங்கே இருக்கிறதா என்று தேடிப் பாரேன். அமெரிக்காவில் அந்த நோய் பரவி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. இந்தியாவில் அது இருக்காது என்று பலரும் நம்பினார்கள். நம் பண்பாடு அப்படி, அது வெள்ளைக்காரன் நோய் என்றெல்லாம் பத்திரிகைகளில் எழுதினார்கள். பம்பாயில் சோதித்ததிலும் ஒன்றும் அகப்படவில்லை.

நிர்மலாவுக்கே நம்பிக்கை இல்லை, எப்படியும் 'இல்லை' என்றுதான் வரும் என்று பேராசிரியையிடம் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் செய்யச் சொன்னதைச் செய்தார். இருநூறு பேரிடம் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது திட்டம். பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் எடுக்க வேண்டும். ஆனால் மெட்ராஸில் அதற்கென்று ஒரு பகுதி கிடையாது. ஜெனரல் ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வரும் பெண்கள் சிலரோடு பழகி, கைதானவர்களை விஜிலன்ஸ் ஹோமில் வைத்திருப்பார்கள் என்று தெரிந்துகொண்டு அங்கே போனார். பாரம்பரியமான குடும்பத்துப் பெண். அந்த இடத்துக்குள் நுழையவே அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. கணவர் வீரப்பன் ராமமூர்த்திதான் தைரியம் சொல்லி, பஸ் காசு மிச்சமாகட்டும் என்று ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவாராம்.

கையுறை கிடையாது, எந்தப் பாதுகாப்புச் சாதனமும் கிடையாது. மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். சுனிதி சாலமனும் அவரும் சேர்ந்து ஒரு சின்ன இடத்தில் சீரத்தைப் பிரித்தார்கள். அதை வைக்கச் சரியான வசதி இல்லாததால் நிர்மலா வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்கள். எங்கள் வீட்டில் மல்லித்தழைக் கட்டை இடம் மாற்றி வைத்தாலே சண்டை வரும். அந்த வீட்டில் எச்.ஐ.வி. சீரம் இருந்திருக்கிறது.

எலைசா சோதனை அப்போது மெட்ராஸில் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜான் தலைமையில் வைராலஜி துறை இருந்தது. 1986 பிப்ரவரியில் ஒருநாள் கணவனும் மனைவியும் மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனார்கள். காலையில் சோதனையைத் தொடங்கினார்கள். மத்தியானம் கரண்ட் கட் ஆனதால் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

எலைசா தட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழி. ஒவ்வொரு குழியும் ஒரு ஆளுடைய ரத்தம். நிறம் வந்தால் 'இருக்கிறது' என்று அர்த்தம். ஆயிரக்கணக்கான தட்டுகளைப் பிறகு நான் பார்த்திருக்கிறேன். ஒரு குழி மஞ்சளானால்கூட மறுபடி செய்து பார்க்கும் வரை வயிற்றில் ஒரு கனம் இருக்கும். அவர்கள் முன்னால் ஆறு. அதுவும், இந்தியாவில் இதுவரை யாருமே பார்த்திராத ஆறு.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவுக்கும் அனுப்பிச் சோதித்தார்கள். உறுதியானது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்குப் பிறகுதான் ரத்த வங்கிச் சோதனை, நாடு தழுவிய கண்காணிப்பு எல்லாம் வேகம் பிடித்தன. சுனிதி சாலமன் தன் வாழ்நாளையே அந்த நோயாளிகளுக்குக் கொடுத்தார். 2015-ல் காலமானார், 2017-ல் பத்மஸ்ரீ வந்தது. நிர்மலா 1987 மார்ச்சில் தீசிஸைச் சமர்ப்பித்து, பரீட்சை எழுதி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குச் சேர்ந்து 2010-ல் ஓய்வு பெற்றார். பெரிய பாராட்டுவிழா எதுவும் அந்தக் காலத்தில் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

இதில் எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. என்ன சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லாமல்தான் ரத்தம் எடுத்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அந்த வகையில் படிப்பின் தரம் அன்றைவிட இன்று உயர்ந்துதான் இருக்கிறது. நெறிமுறைக் குழு அனுமதி, சம்மதப் படிவம், வாக்கியம் திருடியிருக்கிறதா என்று பார்க்கிற மென்பொருள் என்று எவ்வளவோ வந்துவிட்டன. ஆனால் திருட்டு வாக்கியத்தைப் பிடிக்கிற மென்பொருளுக்குப் பொய் எண்ணைப் பிடிக்கத் தெரியாது.

நிர்மலா அன்றைக்கு ஒரு குறுக்கு வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருநூறு பேர், அத்தனை பேருக்கும் 'இல்லை' என்று வீட்டிலிருந்தே ஒரு அட்டவணை போட்டிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். நாடே அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது, அவரே அதைத்தான் எதிர்பார்த்தார். பட்டமும் வந்திருக்கும். கிருமி மட்டும், சோதிக்காத ரத்த பாட்டில்களில் இன்னும் கொஞ்ச காலம் சத்தமில்லாமல் ஊர் ஊராகப் போயிருக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை.

1998. அறுவைசிகிச்சை மேற்படிப்பு மாணவர் ஒருவர். ஆபரேஷனுக்குப் பிறகு புண்ணில் சீழ் பிடித்தவர்களுக்கு எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கிறது என்பது அவர் தலைப்பு. மாதிரிகள் எங்கள் லேபுக்குத்தான் வந்தன. நாங்கள் சீழை வளர்த்து, கிருமியைப் பிரித்து, அகார் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த வட்டக் காகிதங்களை மேலே வைப்போம். மறுநாள் காலை பார்த்தால், மருந்து வேலை செய்கிற இடத்தைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு தெளிந்த வட்டம் இருக்கும். ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் அளந்து, ரிஜிஸ்டரில் எழுதுவோம். லேப் நம்பர், தேதி, பெயர், வார்டு, மாதிரி, முடிவு, கையெழுத்து. அந்த நீளமான ரிஜிஸ்டர்தான் எங்கள் வேதம்.

தீசிஸ் முடிந்து என்னிடம் ஒரு தாள் வந்தது. மேற்படி 150 மாதிரிகளும் இந்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன என்று கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு 150 என்ற எண் உறைத்தது. ரிஜிஸ்டரைப் புரட்டி, பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். 41. இரண்டாம் முறை எண்ணினேன். 41-தான். அந்த 41-லும் அப்போது எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் பாதிக்கு மேற்பட்ட கிருமிகளிடம் பலிக்கவில்லை. தீசிஸின் அட்டவணையிலோ அது பெரும்பாலானவற்றில் நன்றாகக் கேட்டிருந்தது.

எங்கள் தலைமை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரைத் திறக்கவே இல்லை. "பையன் வாழ்க்கைங்க. தியேட்டர்ல அவனுக்கு நல்ல கை. ஒரு நம்பருக்காக ஆறு மாசம் தள்ளிப்போகணுமா? போட்டுக் குடுங்க" என்றார். மாணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அப்போது நிறைமாதம் என்று லேபில் எல்லோருக்கும் தெரியும்.

கையெழுத்துப் போட்டேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. பணம் வாங்கவில்லை. ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. டெக்னீஷியன் கையெழுத்துக்கு என்ன மரியாதை, போட்டால் என்ன போடாவிட்டால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போட்டேன். அந்த மாணவர் பிறகு நல்ல சர்ஜன் ஆனார். என் சகலைக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் செய்தவரே அவர்தான், அருமையாகச் செய்தார். ஆகவே கெட்ட டாக்டர் உருவாகிவிட்டார் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை.

ஆறு வருஷம் கழித்து, 2004-ல், வேறொரு மாணவி தன் தீசிஸின் கரடுப் பிரதியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். முன்னர் நடந்த ஆய்வுகள் என்ற பகுதியைச் சும்மா புரட்டினேன். அங்கே அந்த 150 உட்கார்ந்திருந்தது. இந்த வட்டாரத்தில் முன்பு நடந்த ஆய்வில் சிப்ரோஃப்ளாக்சசின் நல்ல பலன் தந்ததாகவும், இப்போது எதிர்ப்புத் திறன் திடீரென உயர்ந்திருப்பதாகவும் அந்தப் பெண் எழுதியிருந்தார். திடீரென உயரவில்லை அம்மா, அப்போதே அப்படித்தான் இருந்தது, எங்கள் ரிஜிஸ்டரில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

ஒரு தாலுகா அளவு பொய் உலக சுகாதாரத்தை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2010-ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்து டில்லியே கொதித்தது நினைவிருக்கும். என்.டி.எம்.-1 என்று ஒரு மரபணு. கடைசி அஸ்திரமாக வைத்திருந்த மருந்துகளையும் கிருமி தின்று செரிக்கும்படி செய்கிறது. பெயரிலேயே நியூ டெல்லி இருந்ததால் எல்லோருக்கும் கோபம். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் லண்டன்காரர் இல்லை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலும் ஹரியானாவிலும் சேகரித்த கிருமிகளை, பிரிட்டனிலும் வேறு இடங்களிலும் கிடைத்தவற்றோடு வைத்துப் பார்த்தார்கள். பெயர் சரியா, மருத்துவச் சுற்றுலா பற்றி அதில் எழுதியது நியாயமா என்ற சண்டை வேறு. கிருமிகள் பொய் இல்லை. யாரோ ஒரு டெக்னீஷியன், யாரோ ஒரு மாணவர், காலையில் தட்டைத் திறந்து உள்ளதை உள்ளபடி எழுதியதால் உலகத்துக்கு அது தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தொடங்கிய மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு வலைக்கு நாடுகள் எண்களை அனுப்புகின்றன. ஜெனீவாவில் யாரும் சீழ் எடுப்பதில்லை. எங்களைப் போன்ற லேபில், ஸ்கேலை வைத்து அளந்தவன் எழுதிய எண்தான் படியேறிப் படியேறி அங்கே போகிறது.

லேபை உலகம் நம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் தலைமுறை 1994-ல் பார்த்தது. சூரத்தில் பிளேக் என்றார்கள். ஊரே காலி செய்துகொண்டு ரயிலேறியது. நோயாளிகளிடமிருந்து கிருமியை வளர்த்துக் காட்டி உறுதி செய்வதில் தாமதம், அதில் ஏகப்பட்ட சர்ச்சை. வளைகுடா நாடுகள் விமானத்தை நிறுத்தின. சூரத் எங்கே, நாங்கள் எங்கே. இருந்தும் எங்கள் தெரு மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் கேட்டு வரிசை நின்றது.

இதைவிடத் தெளிவான இரண்டு ஊர்கள் இருக்கின்றன. 2001-ல் மேற்கு வங்கத்தில் சிலிகுரியில் மூளைக்காய்ச்சல் மாதிரி ஒன்று வந்து, 66 பேருக்குப் பரவி, 45 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரி ஊழியர்களும் நோயாளியைப் பார்க்க வந்தவர்களும்தான். அது நிபா என்று எழுத்தில் வந்தது 2006-ல், பத்திரப்படுத்தி வைத்த மாதிரிகளைப் பிறகு சோதித்து. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் அதே மாதிரி காய்ச்சலோடு வந்ததும், அங்கிருந்த டாக்டர்களுக்கு இது வழக்கமான மூளைக்காய்ச்சல் இல்லை என்று பட்டது. மாதிரி மணிப்பாலுக்குப் போனது, பிறகு புனேவுக்கு. சில நாட்களில் பெயர் தெரிந்துவிட்டது. 17 உயிர்கள் போயின. நர்ஸ் லினியை மறக்க முடியாது. ஆனால் ஜூனில் அது அடங்கியது. சிலிகுரிக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில் பதினேழு வருஷத்தில் கருவிகளும் வந்தன என்பது உண்மைதான். ஆனால் கருவிக்கு ரத்தத்தை அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கு முதலில் தோன்ற வேண்டுமே. அது படிப்பிலிருந்து வருவது. நூறு நோயாளிகளை உட்கார்ந்து, கேட்டு, எழுதிப் பழகிய கண்ணுக்குத்தான் நூற்றியோராவது ஆள் வித்தியாசமாகத் தெரிவார். தீசிஸ் என்பதே அந்தப் பழக்கத்துக்காக வைத்தது என்று நான் நினைக்கிறேன்.

தரம் என்றதும் நம் ஆட்கள் உடனே வருஷக் கணக்குக்கும் பட்டத்தின் நீளத்துக்கும் போய்விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் சின்ன வயதில் ஊருக்கு ஒரு எல்.எம்.பி. டாக்டர் இருப்பார், நினைவிருக்கிறதா? எம்.பி.பி.எஸ். இல்லை, உரிமம் மட்டும் பெற்றவர். 1940-களில் நாட்டில் பதிவு பெற்ற டாக்டர்களில் ஐந்தில் மூன்று பேர் அவர்கள்தான். 1946-ல் போர் கமிட்டி, ஒரே தரத்தில் டாக்டர்கள் வேண்டும் என்று சொல்லி அந்தப் படிப்பை நிறுத்தச் சிபாரிசு செய்தது. எங்கள் ஊர் எல்.எம்.பி. டாக்டர் மேஜையில் ஒரு பித்தளை மைக்ராஸ்கோப் இருக்கும். இருமிக்கொண்டு யார் போனாலும் சளியைத் தானே கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டார். நான் லேப் படிப்புக்குப் போனதற்கே அந்த மைக்ராஸ்கோப்தான் காரணம். பட்டம் குட்டை, தரம் குட்டையில்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1910-ல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்கா, கனடாவில் 155 மருத்துவக் கல்லூரிகளுக்கு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார். அவர் டாக்டரே இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர். விளம்பரத்தில் லேப் இருக்கிறது என்று போட்டிருந்தால், அந்த லேப் எங்கே, காட்டு என்றார். பல கல்லூரிகள் மூடப்பட்டன, மருத்துவப் படிப்பு அங்கே நிமிர்ந்தது. அதே அறிக்கைக்குப் பிறகு கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஏழு கல்லூரிகளில் இரண்டுதான் மிஞ்சின. தரம் என்ற பெயரில் கதவைச் சாத்தினால் யார் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதனால்தான் இன்னொரு நுழைவுத் தேர்வு, இன்னொரு கட்டணம் என்று யாராவது 'தரம்' பேசினால் எனக்குச் சந்தேகம் வருகிறது. 'காட்டு' என்று கேட்கிற தரம்தான் எனக்குப் பிடிக்கும்.

என் பேரன் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தூங்க நேரமில்லாமல் வேலை வாங்குகிறோம். வழிகாட்ட வேண்டிய பேராசிரியருக்கு மாலையில் கிளினிக். எல்லா டாக்டரும் ஆராய்ச்சியாளர் ஆக வேண்டுமா என்று கேட்கிறார்கள், வேண்டாம்தான். அப்படியானால் 150 எதற்கு? நாற்பது நோயாளிகள் போதும் என்று விதியை வையுங்கள். 'இல்லை' என்ற முடிவையும் 'கிடைத்தது இவ்வளவுதான்' என்ற முடிவையும் மரியாதையாக ஏற்றுக்கொள்ளுங்கள். தீசிஸைத் திருத்துகிறவர், பத்தில் ஒன்றையாவது எடுத்து, மாதிரி எண்ணை லேப் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அரை மணி நேர வேலை. என்னைப் போலப் பென்சில் புள்ளி வைக்க வேண்டாம். எண்ணிப் பார்த்து 41 என்று சொல்கிற டெக்னீஷியன் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும். எங்கள் தொழிலுக்கென்று நாடு முழுமைக்கும் ஒரு ஆணையம் வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டதே 2021-ல்தான். அதுவரை மாடிப்படிக்குக் கீழே போர்டு மாட்டிய இடத்தில் ஆறு மாதம் படித்தவரும் லேப் டெக்னீஷியன், மருத்துவக் கல்லூரியில் படித்தவரும் லேப் டெக்னீஷியன்.

இரண்டு வாரம் கழித்துப் பேரன் மறுபடி வந்தான். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. நிர்மலா கதையைச் சொன்னேன். அதைவிட நேரம் எடுத்தது 41-ன் கதை. என் மனைவிக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை. சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றும் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போரடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நேற்று முன்தினம் இரவு பத்தரைக்குப் போன் வந்தது. அவன் தலைப்பு, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் வளரும் கிருமிகள்.

"தாத்தா, இதுவரைக்கும் பதினாலு கேஸ்தான் ஆயிருக்கு. நானேதான் எடுத்தேன். கைடுகிட்ட அம்பதுக்குக் குறைக்க முடியுமான்னு கேட்டிருக்கேன். முறைச்சார், ஆனா முடியாதுன்னு சொல்லலை. இப்ப ஒரு டவுட். சனிக்கிழமை ராத்திரி எடுத்த ஸ்வாபை திங்கட்கிழமை காலை வரைக்கும் வார்டு ஃபிரிட்ஜில வைக்கலாமா?"

"கூடவே கூடாது. சில கிருமி குளிர்ல செத்துப்போகும், மிச்சம் இருக்கிறது உனக்குத் தப்புக் கணக்குக் காட்டும். எடுத்த ரெண்டு மணி நேரத்துல லேபுக்குப் போகணும்."

"சனிக்கிழமை ராத்திரி லேப்ல யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க தாத்தா."

"நைட் டியூட்டி டெக்னீஷியன் யாருன்னு கேளு. பேரைச் சொல்லிக் கூப்பிடு. போகும்போது ஒரு டீ வாங்கிட்டுப் போ. வாங்கின உடனே உன் கண்ணு முன்னாடி ரிஜிஸ்டர்ல நம்பர் போடச் சொல்லு."

"சர்க்கரை போட்ட டீயா, போடாததா?" என்றான்.